ஆளற்ற நியூயார்க்கில் அகலாத நிறம்

பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் மண் சரிந்து, ஆய்வுக்காக உள்ளே இறங்கியிருந்த ரால்ஃப் பர்ட்டன் என்பவர் அகப்பட்டுக்கொள்கிறார். மேலே மீட்புக் குழுவினர் தோண்டும் ஓசை அவருக்குக் கேட்கிறது. அந்த ஓசையைத் துணையாக வைத்துக்கொண்டு, தைரியம் குன்றாமல் இருக்கப் பாட்டுப் பாடியபடி அவர் காத்திருக்கிறார். சில நாட்களில் ஓசை தேய்ந்து, பிறகு அடியோடு நின்றுபோகிறது. தம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஆத்திரப்பட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு வழி உண்டாக்கி அவர் மேலே ஏறி வரும்போது, திட்டுவதற்குக்கூட அங்கே ஓர் ஆள் இல்லை. 1959-இல் வெளிவந்த ‘தி வேர்ல்ட், த ஃபிளெஷ் அண்ட் த டெவில்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இப்படித் தொடங்குகிறது.

உலகம் அழிந்தபின் எஞ்சிய ஒற்றை மனிதனைப் பற்றிய படங்கள் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அந்த வகைக்கு முன்னோடியாக அமைந்த படங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் இதன் தலைமுறையைச் சேர்ந்த படங்கள் பெரும்பாலும் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை இது கேட்டது. எஞ்சிய அந்த ஒருவர் கறுப்பினத்தவராக இருந்தால் என்ன ஆகும்? அவரை அடுத்து எஞ்சியவர் ஒரு வெள்ளையினப் பெண்ணாக இருந்தால் என்ன ஆகும்? கேள்வியைத் துணிச்சலுடன் கேட்ட படம், விடை சொல்லும் இடத்திற்கு வந்தபோது தயங்கி நின்றது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது, அந்தத் தயக்கத்துக்கு யார் காரணம் என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் இந்தப் படத்தின் உண்மையான கனம் புலப்படுகிறது.

படத்தின் தலைப்பு கிறிஸ்தவ மரபுத் தொடர். மனிதனைத் தவறான வழிக்கு இழுக்கும் மூன்று பகைகளாக ‘உலகம், மாம்சம், பிசாசு’ என்று தமிழ்க் கிறிஸ்தவர்களும் காலங்காலமாகச் சொல்லிவருவதுதான் அது. எழுதி இயக்கியவர் ரானல்ட் மெக்டூகல். 1945-இல் வெளிவந்த ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். இசை மிக்லோஷ் ரோஷா. அதே ஆண்டில் ‘பென்ஹர்’ படத்துக்கும் இசையமைத்து ஆஸ்கர் பெற்றவர். ரால்ஃபாக நடித்தவர் ஹாரி பெலஃபாண்டே, பெண்ணாக நடித்தவர் இங்கர் ஸ்டீவன்ஸ், பிற்பகுதியில் வந்து சேரும் மூன்றாமவராக நடித்தவர் மெல் ஃபெரர். ஏறத்தாழ 95 நிமிடங்கள் ஓடும் படத்தில் பேசும் பாத்திரங்கள் இந்த மூவர் மட்டுமே.

படத்தை வெளியிட்டது எம்.ஜி.எம். நிறுவனம். அதன் தயாரிப்பில் பெலஃபாண்டேயின் சொந்த நிறுவனமான ஹார்பெலும் பங்கேற்றது. இது சிறிய செய்தி அன்று. 1927-இல் ஹார்லெமில் பிறந்து, பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியை ஜமைக்காவில் கழித்த பெலஃபாண்டே, 1956-இல் வெளிவந்த ‘கலிப்சோ’ இசைத்தட்டின் மூலம் அமெரிக்காவின் மிகப் பெரிய பாடகர்களுள் ஒருவராக உயர்ந்திருந்தார். அதே ஆண்டில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்து, கறுப்பினத்தவரின் சமவுரிமைப் போராட்டத்துக்குத் தம் பணத்தையும் புகழையும் கொடுக்கத் தொடங்கினார். கறுப்பின நடிகர் ஒருவர் தமக்குக் கிடைக்கும் வேடத்தை ஏற்பதோடு நின்றுவிடாமல், எந்தக் கதை எடுக்கப்பட வேண்டும் என்பதிலும் தமக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கேட்பது அன்றைய ஹாலிவுட்டில் மிக அரிது.

ரால்ஃப் வெளியே வந்து முதலில் பார்ப்பது செய்தித்தாள்கள். அணுக்கதிர் நஞ்சு வான்வழியே பரவியது, கோடிக்கணக்கானோர் நகரங்களை விட்டு ஓடினார்கள் என்ற தகவல்கள் அவற்றின் தலைப்புகளிலிருந்து அவருக்குத் தெரியவருகின்றன. படம் சொல்லும் நஞ்சு கதிரியக்கச் சோடியம். அது 5 நாட்களுக்கு மட்டுமே ஆளைக் கொல்லும் வலிமையுடன் இருந்ததாம். கதை வசதிக்காகப் புனைந்த எண்போல இது தோன்றினாலும், கணக்கிட்டுப் பார்த்தால் இதற்குப் பின்னால் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. சோடியம்-24 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 15 மணி நேரம். அதாவது 15 மணிக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 5 நாட்களில், அதாவது 120 மணி நேரத்தில், அது 8 முறை பாதியாகிவிடும். தொடக்கத்தில் இருந்த வலிமையில் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அணுகுண்டைச் சுற்றிக் கோபால்ட் உறை போட்டால் உலகம் முழுவதையும் உயிரற்றதாக்க முடியும் என்று இயற்பியலாளர் லியோ சிலார்ட் 1950-இலேயே எச்சரித்திருந்தார். ஆனால் கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5 ஆண்டுகளுக்கும் மேல். அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் சுரங்கத்திலிருந்து வெளியே வரும் ரால்ஃபும் இறந்திருப்பார், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆட்களை மட்டும் துடைத்தெடுத்துவிட்டுக் கட்டடங்களையும் கார்களையும் டின் உணவையும் அப்படியே விட்டுவைக்கும் ஒரு நஞ்சு திரைக்கதைக்குத் தேவைப்பட்டது. சோடியம் அந்தத் தேவைக்குப் பொருந்தியது.

அன்றைய பார்வையாளருக்கு இது வெறும் கற்பனையாகத் தெரிந்திருக்காது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், வெகுதொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மீது விழுந்து அதிலிருந்தோரை நோயில் தள்ளியது. காற்றில் மிதந்து வரும் கண்ணுக்குத் தெரியாத துகளும் கொல்லும் என்பது அதன்பின் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தியாயிற்று. 1958-இன் இறுதியில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுச் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தின. இந்தப் படம் அந்த இடைவெளியில்தான் வெளியாயிற்று.

ஒரு குறையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். படம் முழுவதும் ஒரு பிணம்கூட இல்லை. கோடிக்கணக்கானோர் இறந்த நாட்டில் ஒருவரது உடலும் ஏன் கண்ணில் படவில்லை என்பதற்குப் படம் விளக்கம் எதையும் தருவதில்லை. அன்றைய தணிக்கை நெறிகளும் பெருநிறுவனப் படங்களின் நாகரிகமும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் இந்தக் குறையே படத்தின் முற்பாதிக்கு ஒரு விசித்திரமான தன்மையைக் கொடுத்திருக்கிறது. மயானமாக அன்றி, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து எங்கோ போய்விட்ட வீடாக நியூயார்க் காட்சியளிக்கிறது.

அந்த முற்பாதிதான் இந்தப் படத்தின் செல்வம். நியூயார்க்கின் மையத் தீவான மன்ஹாட்டனுக்குள் நுழையும் பாலமும் சுரங்கப்பாதையும் ஓட முயன்றவர்கள் விட்டுச்சென்ற கார்களால் அடைபட்டுக் கிடப்பதால், ரால்ஃப் ஒரு படகில் ஆற்றைக் கடந்து தீவுக்குள் வருகிறார். படக்குழுவினர் நகரம் விழிக்குமுன் அதிகாலை வேளைகளில் உண்மையான தெருக்களிலேயே இந்தக் காட்சிகளை எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில், சினிமாஸ்கோப்பின் நீண்ட சட்டகத்தில், இருபுறமும் உயர்ந்து நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஓர் உருவம் ஒரு பொம்மை வண்டியைப் போல எதையோ இழுத்துக்கொண்டு நடக்கிறது. சினிமாஸ்கோப் பெருங்கூட்டங்களையும் போர்க்களங்களையும் காட்டுவதற்கென்று கொண்டுவரப்பட்ட சட்டகம். அதில் ஓர் ஆளை நிறுத்தி மற்ற இடம் முழுவதையும் வெறுமையாக விட்டால் அந்த வெறுமை எவ்வளவு எடையுடன் நம்மேல் இறங்கும் என்பதை இங்கே உணர முடிகிறது. ரால்ஃப் கூவுகிறார், சுவர்கள் அவர் குரலை அவருக்கே திருப்பித் தருகின்றன. கோயில் மணியை அடிக்கிறார், யாரும் வருவதில்லை. வானொலி நிலையத்திற்குப் போய், கடைசி நாட்களில் பதிவான ஒலிநாடாக்களைப் போட்டுக் கேட்கிறார். உலகம் எப்படி முடிந்தது என்பது அங்கேதான் அவருக்கு முழுமையாகத் தெரிகிறது.

அதன்பின் அவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் கவர்கிறது. ஜெனரேட்டரை இயக்கித் தம் இருப்பிடத்துக்கு மின்சாரம் கொண்டுவருகிறார். வானொலிக் கருவியை அமைத்து நாள்தோறும் அழைப்பு விடுக்கிறார். அழிந்துவிடாமல் காக்க வேண்டும் என்று புத்தகங்களையும் ஓவியங்களையும் சேகரிக்கிறார். இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு தொழிலாளியின் கைகள் நாகரிகத்தைத் துண்டு துண்டாக மீட்டெடுப்பதைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. கறுப்பின மனிதர்களை வாயில்காவலர்களாகவும் சமையல்காரர்களாகவும் மட்டுமே பெரும்பாலும் காட்டிவந்த ஹாலிவுட்டில், ஒரு கறுப்பினத்தவர் மன்ஹாட்டனின் மிகச் சிறந்த குடியிருப்பில் குடியேறி, அந்தப் பெருநகரத்தின் ஒரே உரிமையாளராக உலவுவதை அன்றைய பார்வையாளர் முதன்முதலாகக் கண்டிருக்கக்கூடும். தனிமை அவரைக் கொல்கிறது. அதே தனிமைதான் அவரைச் சுதந்திர மனிதராகவும் ஆக்கியிருக்கிறது. அவருடைய நிறத்தைப் பார்ப்பதற்கு ஊரில் ஒரு கண்கூட இல்லை.

பேச்சுத் துணைக்காக அவர் துணிக்கடைப் பொம்மைகளைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவருகிறார். அவற்றுள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆண் பொம்மைக்கு ஸ்னாட்கிராஸ் என்று பெயர். ஒருநாள் அந்த மாறாத சிரிப்பைப் பொறுக்கமுடியாமல் அதைத் தூக்கி மேல்மாடத்திலிருந்து வீசுகிறார். கீழே தெருவில் ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. பல நாட்களாக அவரை மறைந்திருந்து கவனித்துவந்த சாரா கிராண்டல், அவர்தான் குதித்துவிட்டார் என்று நினைத்து அலறிவிட்டார். காற்றழுத்த அறை ஒன்றுக்குள் இருந்ததால் நச்சிலிருந்து தப்பியவர் அவர். இவ்வளவு பெரிய ஊரில் மனிதத் துணையின்றி ஒருவர் தவித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பக்கத்துத் தெருவிலிருந்து வெளியே வர அஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அச்சத்துக்கான காரணத்தைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இந்த இடத்தில் கதையின் மூலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். படத்தின் பெயர்ப் பட்டியல் இரண்டு மூலங்களைக் குறிப்பிடுகிறது: எம்.பி. ஷீல் எழுதி 1901-இல் வெளிவந்த ‘தி பர்ப்பிள் கிளவுட்’ நாவல் ஒன்று, ஃபெர்டினாண்ட் ரெய்ஹர் எழுதிய கதை மற்றொன்று. ஷீலின் நாவலில், வடதுருவப் பயணத்திலிருந்து திரும்பும் ஆடம் ஜெஃப்சன் என்பவன் ஊதா நிற நச்சு மேகம் ஒன்று உலகை அழித்துவிட்டதைக் காண்கிறான். தனிமையில் சித்தம் கலங்கி நகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்துகிறான். பல ஆண்டுகளுக்குப்பின் ஒரு பெண்ணைக் கண்டடைகிறான். படத்துக்கும் அந்த நாவலுக்கும் உள்ள உறவு மிக மெல்லியது. நிறத்தைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. ஷீல் மேற்கிந்தியத் தீவான மாண்ட்செராட்டில் பிறந்தவர், கலப்பின வழிவந்தவராகக் கருதப்படுபவர் என்பதைப் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம்.

படத்தின் உயிர்க்கருவுக்கு மிக நெருங்கியது பெயர்ப் பட்டியலில் இல்லாத வேறொரு கதை. கறுப்பின அறிஞரும் சமூகவியலாளருமான டபிள்யூ.ஈ.பி. டூ போய்ஸ் 1920-இல் வெளியிட்ட ‘டார்க்வாட்டர்’ தொகுப்பில் ‘தி காமெட்’ என்ற சிறுகதை இருக்கிறது. நியூயார்க் வங்கி ஒன்றில் கடைநிலை ஊழியராக இருக்கும் ஜிம் என்ற கறுப்பின இளைஞன், மதிப்புமிக்க ஆட்களை அனுப்ப முடியாத அளவுக்கு ஆபத்தான இடம் என்பதால் நிலத்தடிப் பெட்டக அறைக்கு அனுப்பப்படுகிறான். அந்த நேரத்தில் வால்மீன் ஒன்றின் நச்சுவாயு நகரத்தில் எல்லாரையும் கொன்றுவிடுகிறது. மேலே வந்து பிணங்களுக்கிடையே அலையும் ஜிம், ஜூலியா என்ற செல்வந்த வெள்ளையினப் பெண்ணைக் காண்கிறான். உலகில் தாங்கள் இருவர் மட்டுமே மிஞ்சியிருக்கிறோம் என்று உணர உணர, அவர்களுக்கிடையே இருந்த சுவர் மெல்லக் கரைகிறது. மனிதகுலத்தின் அடுத்த தாயும் தந்தையுமாக அவர்கள் ஒருவரையொருவர் நோக்கும் அந்தக் கணத்தில் காரின் ஒலிப்பான் கேட்கிறது. ஜூலியாவின் தந்தையும் மற்றவர்களும் வந்துவிடுகிறார்கள். இறந்தது நியூயார்க் மட்டும்தான், வெளியே உலகம் அப்படியே இருக்கிறது. அடுத்த சில வரிகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கூட்டம் ஜிம்மை இழிசொல்லால் குறிக்கிறது, அவனைத் தூக்கிலிடலாமா என்று குரல்கள் எழுகின்றன, தந்தை அவன் கையில் பணத்தைத் திணிக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் ஜிம்மின் மனைவியின் கையில் அவர்களது குழந்தையின் உயிரற்ற உடல் இருக்கிறது.

நிலத்தடியில் தப்பும் கறுப்பின மனிதன், வெறிச்சோடிய நியூயார்க், மிஞ்சிய வெள்ளையினப் பெண் என்று இரண்டு கதைகளும் ஒன்றோடொன்று இழைகின்றன. படத்தை எழுதியவர்கள் டூ போய்ஸைப் படித்திருந்தார்களா என்பதைவிட முக்கியமானது, 39 ஆண்டு இடைவெளியில் இரண்டு காலங்கள் ஒரே கதையை எழுதவேண்டியிருந்தது என்பது. டூ போய்ஸ் தம் கதையில் உலகத்தைத் திரும்ப வரவழைத்தார். அது வந்ததும் நிறவெறியும் அதன் பின்னாலேயே வந்தது. படமோ உலகத்தைத் திரும்ப வரவிடவில்லை. ஆனாலும் நிறவெறி எங்கும் போகவில்லை, ஏனென்றால் அது இந்தமுறை ரால்ஃபின் உள்ளேயே குடியிருக்கிறது.

சாராவைச் சந்தித்ததும் ரால்ஃப் செய்யும் முதல் காரியங்களுள் ஒன்று, அவளைத் தனியாக வேறொரு கட்டடத்தில் குடிவைப்பது. அவளுக்குத் தொலைபேசி இணைப்பு போட்டுக் கொடுக்கிறார், மின்சாரம் தருகிறார், உணவு தருகிறார். ஒரே கட்டடத்தில் வாழ்வதற்கு மட்டும் மறுக்கிறார். யாராவது பேசுவார்கள் என்கிறார். பேசுவதற்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இறந்துபோன ஊரின் வாய் ரால்ஃபுக்கு மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு வாக்குவாதத்தில் சாரா, ‘நான் சுதந்திரமானவள், வெள்ளைக்காரி, வயது இருபத்தொன்று, எனக்குப் பிடித்ததைச் செய்வேன்’ என்று சொல்லிவிடுகிறாள். இது அவள் யோசித்துச் சொன்ன வாக்கியம் இல்லை. சுதந்திரமும் வெள்ளை நிறமும் 21 வயதும் இருந்தால்தான் வாக்குரிமை என்றிருந்த காலத்தின் எச்சமாக அமெரிக்கப் பேச்சில் தங்கிவிட்ட தேய்ந்த தொடர் அது. 1930-களின் ஹாலிவுட் படங்களிலும் அடிக்கடி வரும். ‘என் விருப்பம், யார் கேட்பது’ என்ற பொருளில் சொல்பவர் சொல்லிவிட்டுப் போவார். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அதே தொடர் வேறொன்றாகிவிடுகிறது. ‘உனக்கு அது ஆயிரம் முறை கேட்ட பேச்சு, எனக்கு அது வயிற்றில் பாய்ந்த அம்பு’ என்ற பொருள்பட ரால்ஃப் பின்னர் சொல்லும்போது, பெலஃபாண்டேயின் குரல் உயர்வதில்லை.

இந்தப் பேச்சுக்குச் சூழலாக அமையும் முடிவெட்டும் காட்சியைத்தான் படத்தின் நடுநாயகமாக நான் கருதுகிறேன். தன் முடியை வெட்டிவிடும்படி சாரா கேட்கிறாள். கத்தரியைக் கையில் எடுத்த ரால்ஃப் எங்கே தொடுவது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறார். தொடுவதற்கு அஞ்சுகிறவர் வெட்டும்போது வன்மையாக வெட்டுகிறார். அவள் இயல்பாகப் பேசப் பேச அவருடைய கைகள் இறுகுகின்றன. முத்தம் இல்லை, அணைப்பு இல்லை, ஒரு பெண்ணின் கூந்தலும் ஓர் ஆணின் விரல்களும் மட்டுமே. ஆனால் காதல் காட்சி என்று பெயர்பெற்ற எத்தனையோ காட்சிகளில் இல்லாத வெப்பம் இதில் இருக்கிறது. தாம் யார் என்பதற்குச் சொல்பவரின் நாகரிகத்துக்கேற்ப என்னென்ன பெயர்கள் உண்டு என்று ரால்ஃப் அடுக்கும் இடத்தில், மரியாதையான சொல்லிலிருந்து வசைச்சொல் வரைக்கும் ஒரு சமூகத்தின் படிக்கட்டு முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது.

அவளது பிறந்தநாளுக்காக அவர் ஒரு விருந்தகத்தையே அலங்கரிக்கிறார். தாமே சமைத்து, தாமே பரிமாறி, தம் குரலைப் பதிவு செய்து பாடவும் விடுகிறார். கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி அவள் அழைக்கும்போது, பணியாளின் மிடுக்குடன், வாடிக்கையாளர்களோடு உட்கார அனுமதியில்லை என்று மறுத்துவிடுகிறார். இந்தப் படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1960 பிப்ரவரியில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், உட்காருதல் என்ற அந்தச் சிறு செயலின் பொருள் விளங்கும்.

ரால்ஃபும் சாராவும் ஏன் இதற்குமேல் நெருங்கவில்லை என்பதற்குத் திரைக்கு வெளியே காரணங்கள் இருந்தன. ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறித் தொகுப்பு, கறுப்பு வெள்ளை இனத்தவரிடையே காதலுறவைக் காட்டுவதை நெடுங்காலம் தடைசெய்திருந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த விதி நீக்கப்பட்டது. விதி நீங்கிய மறுஆண்டே பெலஃபாண்டே ‘ஐலண்ட் இன் த சன்’ படத்தில் ஜோன் ஃபான்டெயினுடன் நடித்தார். அதிலும் இருவருக்கிடையே முத்தம் கிடையாது. எழுத்தில் தடை போய்விட்டாலும், தென்மாநிலத் திரையரங்குகள் படத்தை எடுக்க மறுத்துவிடும் என்ற அச்சம் நிறுவனங்களை ஆட்டிவைத்தது. நாட்டின் நிலைமையும் அப்படித்தான். 1958-இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், கறுப்பு வெள்ளை இனத்தவர் திருமணத்தை ஏற்பதாகச் சொன்னோர் 4 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த ஆண்டு கோடையில் வர்ஜீனியாவில் மில்ட்ரெட் லவிங், ரிச்சர்ட் லவிங் தம்பதியரின் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்து போலீசார் அவர்களைக் கைது செய்தனர். மாநிலத்தை விட்டு வெளியேறி 25 ஆண்டுகள் சேர்ந்து திரும்பக் கூடாது என்ற நிபந்தனையுடன் அவர்களது சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது 1959 ஜனவரியில். 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்போது அத்தகைய சட்டங்கள் நடப்பில் இருந்தன. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று அறிவிக்க 1967 வரை ஆயிற்று. ஆளில்லாத கற்பனை நியூயார்க்கில் இரண்டு பேர் கைகோப்பதற்கு ஆள் நிறைந்த நிஜ நாட்டின் அனுமதி தேவைப்பட்டது.

பிற்பாதியில் பென் தாக்கர் சிறு படகில் நோயுற்று வந்து சேர்கிறார். ரால்ஃபும் சாராவும் அவரைப் பிழைக்கவைக்கிறார்கள். தமக்குக் கறுப்பினத்தவர்மீது வெறுப்பு எதுவும் இல்லை என்று பென் ரால்ஃபிடம் சொல்லும்போது, அதற்கு ரால்ஃப் சொல்லும் பதில் மொழிபெயர்ப்பில் அடங்காது. நல்ல மனத்தோடு நடந்துகொள்வதற்கு ‘வெள்ளைத்தன்மை’ என்று சொல்லும் பழைய வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. ‘அது உங்கள் வெள்ளைத்தன்மை’ என்று அதையே ரால்ஃப் திருப்பிக் கொடுக்கிறார்.

இதன்பின் படம் பலவீனமடைவதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். நிறம் பற்றிய நுட்பமான கதை, ஒரு பெண்ணுக்காக இரண்டு ஆண்கள் மோதும் வழக்கமான முக்கோணக் கதையாகச் சுருங்குகிறது. தன்னைப் பொருளாக வைத்துப் பேரம் பேசுவதைச் சாரா எதிர்க்கிறாள். ஆனால் திரைக்கதை அவளுடைய எதிர்ப்புக்குச் செவிகொடுப்பதில்லை. பென் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெற்றுத் தெருக்களில் ரால்ஃபை வேட்டையாடத் தொடங்குகிறார். ஒரு போர் உலகத்தையே தின்றுவிட்ட பிறகு, மிஞ்சிய இரண்டு ஆண்கள் அடுத்த போரைத் தொடங்குகிறார்கள்.

துப்பாக்கியோடு ஓடிவரும் ரால்ஃப், ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்துக்கு எதிரே கற்சுவரில் பொறித்திருக்கும் வாசகத்தின் முன் நிற்கிறார். விவிலியத்தின் ஏசாயா நூலில் வரும் வசனம் அது. தமிழ் வேதாகமத்தில் அது இப்படி இருக்கிறது: ‘அவர்கள் தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள், ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை, இனி அவர்கள் யுத்தத்தைக் கற்பதுமில்லை.’ நாட்டினம் என்ற பொருளில் அன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட ‘ஜாதி’ என்ற சொல், இன்று தமிழில் படிக்கும் நம் காதில் வேறு பொருளோடு விழுகிறது. இந்தப் படத்தின் அந்தக் காட்சிக்கு ஆங்கில வசனத்தைவிடத் தமிழ் வசனம் நெருக்கமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ரால்ஃப் துப்பாக்கியை எறிந்துவிட்டு வெறுங்கையோடு பென்னை நோக்கி நடக்கிறார். பென்னால் சுட முடியவில்லை. அந்தச் சுவர் இருக்கும் இடத்துக்கு, நோபல் அமைதிப் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரும் ஐ.நா. அதிகாரியுமான ரால்ஃப் பன்ச்சின் பெயர் 1979-இல் சூட்டப்பட்டது. பெயர் ஒற்றுமை தற்செயலானதுதான், என்றாலும் இன்று அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு அது நினைவில் எழாமல் இராது.

சாரா வந்து ரால்ஃபின் கையைப் பற்றுகிறாள், பிறகு பென்னையும் அழைத்து அவர் கையையும் பற்றுகிறாள். மூவரும் தெருவில் நடந்து செல்ல, ‘முடிவு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தொடக்கம்’ என்ற சொல் திரையில் வருகிறது. முற்பாதியைப் பாராட்டிய விமர்சகர்கள் பலரும் இந்த முடிவைக் குறைகூறினார்கள். ரால்ஃபும் சாராவும் தனியாகக் கைகோத்து நடந்தால் தென்மாநிலங்கள் கொதிக்கும். சாராவும் பென்னும் நடந்தால் படம் தன் கேள்விக்கே துரோகம் செய்ததாகும். எனவே மூவரையும் ஒன்றாக அனுப்பிவிட்டார்கள். பெலஃபாண்டே பிற்காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிய தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

அவர் மனத்தில் இருந்த முடிவு எத்தகையது என்பதை ஊகிக்க, ஹார்பெல் நிறுவனத்தின் பங்களிப்போடு அதே 1959-இல் வெளிவந்த இன்னொரு படமான ‘ஆட்ஸ் அகைன்ஸ்ட் டுமாரோ’ உதவுகிறது. ராபர்ட் வைஸ் இயக்கிய அந்தக் கொள்ளைக் கதையில், பெலஃபாண்டேயின் பாத்திரமும் அவரை வெறுக்கும் வெள்ளையினக் கூட்டாளியும் எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் மீது நின்று ஒருவரையொருவர் சுட, கிடங்கு வெடித்து இருவரும் கருகிப்போகிறார்கள். எது யாருடைய உடல் என்று அங்கு வந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் முயற்சியில் வந்த இரண்டு படங்களில் ஒன்று மூவரையும் கைகோக்கவைத்தது, மற்றது இருவரையும் சாம்பலாக்கியது. இரண்டாவதே அந்தக் காலத்தை உண்மையாகப் பேசியது என்பது என் எண்ணம்.

பின்வந்த படங்கள், மூவரையும் கைகோக்கவைத்த படத்தின் முற்பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. 1971-இல் ‘தி ஒமேகா மேன்’ லாஸ் ஏஞ்சலஸை வெறுமையாக்கியது. 1985-இல் நியூசிலாந்தில் ஜெஃப் மர்ஃபி இயக்கிய ‘தி குவயட் எர்த்’ ஒரு வெள்ளையர், ஒரு வெள்ளையினப் பெண், அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி ஒருவர் என்று அதே முக்கோணத்தை வேறு மண்ணில் வரைந்தது. 2007-இல் ‘ஐ ஆம் லெஜண்ட்’ படத்தில் வில் ஸ்மித் ஆளில்லாத நியூயார்க்கில் கடைப் பொம்மைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்னாட்கிராஸை நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் நாயகனின் நிறம் ஒரு பேச்சாகவே எழவில்லை.

சாராவாக நடித்த இங்கர் ஸ்டீவன்ஸ் 1970-இல் தமது 35-ஆம் வயதில் இறந்தார். அதன் பின்னரே, ஐக் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரும் தயாரிப்பாளருமானவர், தாமும் இங்கரும் 1961-இல் மெக்ஸிகோவில் திருமணம் செய்துகொண்டவர்கள் என்று வெளியே சொன்னார். இங்கரின் சகோதரரும் அதை உறுதிசெய்தார். அவர்கள் வாழ்ந்த கலிஃபோர்னியாவில் அத்தகைய திருமணத்துக்கிருந்த தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948-லேயே நீக்கியிருந்தது. இருந்தும் ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள்.